இயந்திரம் செய்த குற்றம் என்ன?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, மண்டூர் முதலிய படுவான்கரை ஊர்களில் வேளாண்மை வெட்டுக் காலம் வந்துவிட்டால் உழவு இயந்திரத்துக்கு ஓய்வில்லை. அந்நாளில் சாரதி மதுபோதையிற் பிடிபட்டால், அவனோடு இயந்திரமும் பொலிஸ் நிலையத்துக்குப் போகிறது. களத்து நெல்லோ மழைக்கு அஞ்சிக் காத்துக் கிடக்கிறது.

குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவோனுக்குப் பரிந்து பேச நாம் வரவில்லை. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம் என்பது சட்டம் வகுத்த எல்லை. அதை மீறுவோன் தெருவிற் செல்லும் குழந்தைக்கும் முதியவருக்கும் எமனாவான். அவன் தண்டம் இறுக்கட்டும். சாரதி அனுமதிப்பத்திரத்தையும் இழக்கட்டும்.

ஆனால், கடன்பட்டு இயந்திரம் வாங்கிய கமக்காரன் செய்த குற்றம் யாது? பொலிசார் கைப்பற்றிய பொருளை உரித்துடையவரிடம் ஒப்படைக்குமாறு கட்டளையிட நீதவானுக்கு அதிகாரம் உண்டு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 431ஆம் பிரிவு அதனை வழங்குகிறது. ஆகவே, உரிமையாளர் தரகரையும் அரசியல்வாதியையும் தேடி அலைய வேண்டியதில்லை. பதிவுப் பத்திரங்களோடு சட்டத்தரணி மூலம் களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்தை நாடுவதே நேர்வழி.

பொலிசாரை ஒன்று கேட்கிறோம்: அறிக்கையைத் தாமதமின்றி நீதவான் முன் வையுங்கள். ஒரு நாட் தாமதம் ஒரு குடும்பத்தின் போகத்தையே அழிக்கக்கூடும்.

கமக்காரரையும் ஒன்று கேட்கிறோம்: கூலியோடு சாராயமும் வாங்கிக் கொடுத்துச் சாரதியைத் தெருவுக்கு அனுப்பாதீர்கள். போத்தலை நீட்டிய கை, பின்னர் இயந்திரத்தைக் கேட்டு நீதிமன்றத்திற் கூப்புவது எவ்வகையில் நியாயம்?