கௌரவம் என்கிறார்கள்

ஜப்பானில் இசே கோயிலுக்குப் பூசாரிணியாக அனுப்பப்பட்ட அரசகுமாரிகளைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘பெண்ணுக்கு எத்தனை உயர்ந்த இடம்!’ என்று உருகுகிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை.

ஆமை ஓட்டைச் சுட்டு, விரிசலைப் பார்த்துக் குறி சொல்லி ஆளைத் தேர்ந்தார்கள். சம்மதம் யார் கேட்டது? எங்கள் இடமாற்ற உத்தரவுக்காவது மனுப் போடலாம். அவளுக்கு அதுவும் இல்லை. பின்னாளில் சக்கரவர்த்தியே அவள் தலையில் சீப்பைச் செருகி, தலைநகர்ப் பக்கம் திரும்பாதே என்று வழியனுப்புவார். கோயிலுக்குப் போவது ஆண்டுக்கு 3 முறைதான். மற்ற நாளெல்லாம் தொலைவிலுள்ள மாளிகையில் அடைந்து கிடக்க வேண்டும். ‘சாவு’ என்று வாயால் சொல்லக் கூடாது, ‘குணமாவது’ என்க வேண்டுமாம்! விடுதலையோ, அரசர் மாண்டாலோ, பதவி விலகினாலோ, உறவில் சாவு விழுந்தாலோதான்.

தெம்மு சக்கரவர்த்தியின் மகள் ஓகு, 674-ல் இசேக்குப் போனபோது சிறுமி. 686-ல் தந்தை மறைந்தார். அடுத்த சில வாரங்களில் உடன்பிறந்த தம்பி ஓட்சு, சதி செய்தான் என்ற குற்றச்சாட்டில் உயிரிழந்தான். அவள் ஊர் திரும்பியது அதற்குப் பிறகு. தம்பிக்காக அவள் பாடியவை ‘மன்யோஷூ’ தொகுப்பில் இருக்கின்றன. கௌரவம் பேசுகிறவர்கள் முதலில் அவற்றைப் படிக்கட்டும்.