பேச வேண்டாம், அண்ணா!

1968 செப்டம்பர்த் திங்கள். அறிஞர் அண்ணாவுக்கு நியூயார்க் நகரிலே அறுவை மருத்துவம் என்ற செய்தி எட்டியபோது, பதுளைச் சீமையின் தேயிலை மலைகளிலே நெஞ்சம் பதைக்காதார் எவர்? உணவுக்குழாயிலே புற்று! நாவன்மையால் நாடாள வந்தவரைத் தாக்க, நோய்க்கு வேறு இடமா கிடைக்கவில்லை?

பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் லயக் காம்பிராக்களில் வாழ்ந்தோருக்கு அண்ணா யார்? வாக்குக் கேட்டு வந்தவரல்லர். வாக்குத்தான் அவர்களிடம் இல்லையே! 1947இல் எஸ். எம். சுப்பையாவைப் பதுளையிலிருந்து பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். 1964 ஒப்பந்தமோ, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனக் கூறு போட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கியது. தமக்கெனப் பேச நாதியற்றிருந்தோர், படிக்கத் தெரிந்தவர் ஏட்டை உரக்கப் படிக்க, அண்ணாவின் பேச்சிலே தம் மொழியின் மிடுக்கைக் கண்டு நிமிர்ந்தனர்.

எங்கள் பாட்டனார் அன்று சென்னைக்கு ஒரு மடல் விடுத்தார். தம் கைப்பட அன்று. பள்ளி சென்ற பையன் ஒருவனைக் கொண்டு. அனுப்புநர் முகவரியாகத் தோட்டத்தின் பெயரைத்தான் போட முடிந்தது. லயத்துக்கு ஏது முகவரி? (இன்றும் பல தோட்டங்களில் கதை அதுவே.) விரைந்து வந்து மேடையேறுக என்று அவர் கேட்கவில்லை. பேச வேண்டாம், ஓய்ந்திருங்கள் என்பதே அவர் வேண்டுகோள். சுகயீனத்தோடு மலையேறினால் என்னவாகும் என்பதை அறிந்தவர் அவர். காய்ச்சலென்று படுத்தால் அன்றைக்குப் பேர் இல்லை. பாதியில் இறங்கினால் அரைப்பேர். தமக்கு ஒருநாளும் கிட்டாத ஓய்வைத் தம் தலைவருக்கு விரும்பினார்.

நவம்பரில் அண்ணா தாயகம் திரும்பினார். ஓய்வு கொண்டாரா? மருத்துவர் தடுத்தும் நிகழ்ச்சிகளுக்குச் சென்றார். 1969 சனவரி 14இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. பிப்ரவரி 3இல் அவர் மறைந்தார், அகவை 59. கடமையுணர்ச்சி என்பர். ஆம், மறுப்பாரில்லை. ஆனால், பேச்சுக்காகக் காத்துக் கிடந்த கூட்டத்துக்கு அதிலே பங்கில்லையா?

இன்றும் நாவலர் ஒருவர் நோயுற்றால் நாம் சுவரொட்டியில் எழுதுவது என்ன? 'மீண்டு வா, முழங்க வா!' இது வாழ்த்தா? விடியுமுன் பிரட்டுக்கு அழைத்த தப்போசையன்றோ இது!

ஊவாத் தோழர்காள், நீங்கள் போற்றும் பேச்சாளர் படுக்கையில் இருக்கக் கேட்டால் எழுதுங்கள், உடனே எழுதுங்கள். உண்டாரா, உறங்கினாரா, வலி குறைந்ததா என்று கேளுங்கள். மேடை என்ற சொல் மட்டும் அம்மடலில் வேண்டாம். பாட்டனாரின் மடலுக்கு மறுமொழி வரவில்லை. நோயாளியை விடை எழுத வைப்பதா என்று கேட்டு, அதையும் அவர் எதிர்பார்க்கவில்லை.