இணையம்: முதுசொமா, தேடிய தேட்டமா?

எமது தேசவழமை ஒருவருடைய ஆதனத்தை முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் எனப் பாகுபடுத்திக் கூறும். முன்னோர் வழியாக வந்தது முதுசொம். தாமே உழைத்து ஈட்டியது தேட்டம். இப்பாகுபாட்டை இணையத்தின் மீதும் பொருத்திப் பார்த்தல் பயனுடைத்து என நான் கருதுகின்றேன். இன்று அதன் வாயில்களில் அமர்ந்திருக்கும் பெருநிறுவனங்கள் சில, அதனைத் தம் தேட்டம் போலவே நடத்துகின்றன. நாமும் அவற்றின் பெயர்களையே இணையத்தின் பெயராகக் கொள்ளப் பழகிவிட்டோம். வரலாறு கூறும் உண்மையோ வேறு.

1957 ஒக்டோபர் 4 ஆந் திகதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணிற் செலுத்தியது. அதனால் அதிர்ச்சியுற்ற அமெரிக்க அரசு, மறு ஆண்டிலே தன் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் ஆர்ப்பா என்னும் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடக்கியது. அணுகுண்டுக்குத் தப்பவே இணையம் பிறந்தது என்று பலர் எழுதுவர். போல் பரன் என்னும் அமெரிக்கர் அவ்வச்சத்தை முன்னிட்டே, செய்தியைத் துண்டுகளாக்கி அனுப்பும் முறையை ஆராய்ந்தார் என்பது மெய்யே. ஆயின், அவரது ஆராய்ச்சியை அறியாமலே இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் 1965 இல் அதே முறையைக் கண்டார். அத்துண்டுகளுக்குப் ‘பொதி’ என்று பெயரிட்டவரும் அவரே. ஆர்ப்பாவின் வலையமைப்போ, விலையுயர்ந்த கணினிகளை ஆராய்ச்சியாளர் பலர் பகிர்ந்து பயன்படுத்த வேண்டும் என்ற தேவையிற் பிறந்தது.

1969 ஒக்டோபர் 29 ஆந் திகதி இரவு, லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிலையத்துக்கு முதற் செய்தி சென்றது. ‘லொகின்’ என்னும் சொல்லின் முதலிரு எழுத்துக்கள் சென்றதும் அப்பாலிருந்த கணினி செயலிழந்தது! அவ்வாண்டின் முடிவில் இணைந்திருந்த நிலையங்கள் நான்கே.

ஆனால், என் மனத்தைக் கவர்வது அந்த இரவன்று. அதற்கு ஆறு திங்களுக்கு முன் நடந்த வேறொரு செயல். ஸ்ரீவ் குரோக்கர் என்னும் பட்டப்பின்படிப்பு மாணவர், வலையமைப்புக்கான விதிகளை வரையுமாறு பணிக்கப்பட்ட இளைஞர் குழுவின் குறிப்புக்களை எழுதத் தொடங்கினார். தாம் கட்டளையிடுவதாக எவரும் எண்ணிவிடலாகாது என அஞ்சி, ‘கருத்துக்களை வேண்டுதல்’ என்று அவற்றுக்குப் பெயரிட்டார். விரும்பிய எவரும் படிக்கலாம், திருத்தம் சொல்லலாம். அதே பெயரில் அவ்வரிசை இன்றும் வளர்ந்து வருகின்றது. பலவகை வலையமைப்புக்களைப் பிணைக்கும் பொதுவிதிகளை வின்ட் சேர்ப், பொப் கான் ஆகிய இருவரும் 1974 இல் வெளியிட்டனர். 1983 சனவரி 1 ஆந் திகதி ஆர்ப்பாவின் வலையமைப்பு அவ்விதிகளுக்கு மாறியது. அவற்றைக் கையாள எவரும் எவருக்கும் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

வழங்கியதால் வளர்ந்தது என்பதற்கு 1993 ஆம் ஆண்டு தக்க சான்று. தகவலைத் தேடிப் படிப்பதற்கு அப்பொழுது இரு வழிகள் இருந்தன. ஒன்று, அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் 1991 இல் வெளியிட்ட கோபர். மற்றது, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் ரிம் பேர்னர்ஸ்-லீ 1989 இல் முன்மொழிந்த உலகளாவிய வலை. அன்று மிகுதியாகப் பயிலப்பட்டது கோபரே. அவ்வாண்டின் தொடக்கத்தில் மினசோட்டாப் பல்கலைக்கழகம், கோபர் மென்பொருளை நிறுவுவோர் சிலரிடம் அனுமதிக் கட்டணம் அறவிடப்போவதாக அறிவித்தது. ஏப்பிரில் 30 ஆந் திகதி சேர்ன் நிலையமோ, வலையின் மென்பொருள் மீது தனக்கிருந்த உரிமையைத் துறந்து, அதை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம் என எழுத்தில் அறிவித்தது. ஒன்று ஒழுங்கைக்குப் படலை போட்டது. மற்றது வேலியையே அகற்றியது. படங்களையும் எழுத்தையும் ஒருங்கே காட்டிய மொசாயிக் என்னும் மென்பொருளும் அவ்வாண்டில் வலைக்குத் துணை நின்றதை மறுத்தற்கில்லை. எனினும், படலையைக் கண்டவர்கள் திறந்த வழியை நாடிச் சென்றதிலே வியப்பென்ன?

கடலடிக் கம்பிகளை இட்டவர்களும் தேடுபொறிகளை அமைத்தவர்களும் தனியார் நிறுவனத்தார் அல்லரோ என்று கேட்பார் உளர். ஆம், அவர்தம் உழைப்புக்கு உரிய ஊதியம் அவர்க்குரியதே. ஆனால், முதுசொக் காணியிற் கட்டிய வீட்டைத் தேட்டம் எனலாம். காணியையும் தேட்டம் என்றால் ஏனைய உரித்தாளர் வாளாவிருப்பரோ?

இவ்வழக்கு வெறும் பெயர் பற்றியதன்று. மின்னஞ்சல் பழைய பொதுவிதிகளின் வழி வந்தது. எந்நிறுவனத்தின் முகவரியிலிருந்தும் எந்நிறுவனத்தின் முகவரிக்கும் அது செல்லும். பின்வந்த செய்திச் செயலிகளிற் பெரும்பாலானவை தத்தம் மதில்களுக்குள்ளே மட்டும் பேச விடுகின்றன. மதிலுக்கு அப்பாலுள்ள உறவினரோடு பேசுதற்கு நாமும் அம்மதிலுக்குள் நுழையவேண்டியிருக்கின்றது; வெளியேறினாலோ உறவுகளையும் அங்கேயே விட்டுவர நேர்கின்றது. ஆகவே, அரசாங்கங்கள் தம் அலுவல்களுக்கும் பாடசாலைகளுக்கும் கருவிகளைத் தெரியும்போது, திறந்த பொதுவிதிகளை ஏற்பவற்றையே தெரிதல் வேண்டும் என்பது என் துணிபு. முன்னோர் எழுதிக் கொடுத்த உறுதி எம் கையில் இருக்கின்றது. அதனை வாசித்தறியாத உரித்தாளர், தம் காணியிலேயே குடிக்கூலி கொடுத்து வாழ நேரிடும்.