நல்ல காதும் நல்ல வாக்கும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் நமது நண்பர் ஒருவர் ஒரு கட்டு விலைப்பட்டியல்களுடன் நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். அவர் சர்க்கார் பரீட்சையில் தேறி லைஸென்ஸ் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர். ஊதியம் எதுவுமின்றி, ஆசை ஒன்றினாலேயே ஆகாய அலைகளின் வழியாகத் தூரதேசத்தாருடன் பேசி மகிழும் கூட்டத்தைச் சேர்ந்தவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, பேசவும் கேட்கவும் ஒருங்கே உதவும் உயர்ந்த ரக டிரான்ஸீவர் ஒன்று வாங்க வேண்டுமென்பது அவர் மனோரதம். "எது சிலாக்கியம், சொல்லுங்கள்" என்றார்.

பட்டியலைப் புரட்டினோம். ஜப்பானிய ஐகாம் கம்பெனியார் 2014-ம் வருஷம் அறிமுகப்படுத்திய ஐஸி-7851, 200 வாட் சக்தியுள்ளது. அதன் விலைக்கு ஒரு சிறு மோட்டார் வண்டியே வாங்கிவிடலாம். அவர்களே 2017-ல் வெளியிட்ட ஐஸி-7610, ஆன்டெனாவிலிருந்து அலை வந்த மாத்திரத்தில் அதை எண்களாக மாற்றி, கணக்குப் போட்டே பிரித்தெடுக்கிறது. 2018-ல் வந்த கென்வுட் டிஎஸ்-890எஸ் பழைய சம்பிரதாயப்படி படிக வடிகட்டிகளை நம்புகிறது. 2019-ல் விற்பனைக்கு வந்த யேசு எஃப்டிடிஎக்ஸ்-101டி, கேட்பதற்கு வடிகட்டியையும், அலைகளைத் திரையில் சித்திரமாகக் காட்டுவதற்கு எண் முறையையும் கைக்கொண்டு, இரு கட்சிக்கும் நல்லபிள்ளையாக இருக்கிறது.

இவற்றைத் தராசிலிட்டுப் பார்ப்பதில் பெயர் பெற்றவர் அமெரிக்காவின் ராப் ஷெர்வுட். வெகுதூரத்து மெல்லிய குரலொன்றை நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்; இரண்டே கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் பலத்த குரல்கள் முழங்குகின்றன. அவற்றை எவ்வளவு தூரம் கருவி பொறுத்துக்கொள்ளும்? இதைத்தான் அவர் டெசிபெல் கணக்கில் அளந்து அட்டவணையிடுகிறார். 2000-ம் வருஷத்துக்கு முன் வந்த பல உயர்ந்த கருவிகளுக்குச் சுமார் 70 டெசிபெல். அதாவது ஒரு கோடி மடங்கு. மேற்சொன்ன யேசு கருவிக்கு 110. அதாவது பதினாயிரங் கோடி மடங்கு! ஆனால் சாதாரண உபயோகத்துக்கு 85 டெசிபெல்லே பெரும்பாலும் போதும் என்பது ஷெர்வுட்டின் அபிப்பிராயம். ஆகவே இந்தக் கருவிகளுக்குள் காதைக் கொண்டு ஏற்றத்தாழ்வு சொல்வது ஏறக்குறைய வீண் வேலை.

வாயின் சங்கதி வேறு. 100 வாட் டிரான்ஸிஸ்டர் கருவிகள் பலவற்றில், பேச்சின் கூடவே பிறக்கும் சிதறல், பேச்சைவிடச் சுமார் 30 டெசிபெல்தான் தாழ்ந்திருக்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு! அந்தச் சிதறல் அடுத்தவர் இடத்தில் போய் விழுந்துவிட்டால், அவருடைய காது எத்தனை கோடி மடங்கு கூர்மையாயிருந்தும் பயனில்லை. குறை அவர் பெட்டியில் இல்லையே. நம் பெட்டியில் அல்லவா இருக்கிறது?

இது வெறும் பொழுதுபோக்குக்காரர்களின் மனத்தாங்கலன்று. 2004-ம் வருஷம் டிசம்பர் மாதம் பாரதி பிரஸாத் அம்மையாரின் குழுவினர் அந்தமான் தீவிலிருந்து ரேடியோவில் பேசுவதற்காகப் போர்ட் பிளேர் சென்றிருந்தார்கள். 26-ம் தேதி சுனாமி வந்தது. உல்லாசமாகப் பேசப் போனவர்கள், உற்றார் உயிரோடிருக்கிறார்களா என்று தவித்தவர்களுக்குச் செய்தி சொல்பவர்களானார்கள். அத்தகைய வேளையில் கடல் கடந்து வரும் ஒரு மெல்லிய குரலின்மேல் யாரோ ஒருவருடைய சிதறல் விழுந்தால், அதை அபசாரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பரிகாரம் இல்லாமலில்லை. பையனின் எழுத்து வலப்பக்கம் சாய்ந்தால், தாளை அதற்கேற்றவாறு சற்றுச் சாய்த்து வைத்துக் கொடுக்கிறோம். எழுத்து நேராக விழுகிறது. அவ்விதமே கருவி தன் வெளியீட்டைத் தானே கவனித்து, எந்தப் பக்கம் கோணுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக முன்கூட்டியே குரலைக் கோணச் செய்துவிட்டால், வெளியே செல்வது நேராகிவிடும். நம் நாட்டு அப்பாச்சி லேப்ஸ் கம்பெனியாரின் ஆனன் கருவிகள் கம்ப்யூட்டரின் துணையோடு பத்து வருஷத்துக்கு மேலாக இதைச் செய்து வருகின்றன. ஐகாம் 2024-ல் வெளியிட்ட ஐஸி-7760-லும் இந்த ஏற்பாடு உண்டு. சிறிய கருவி, பெரிய கருவி என்ற பேதமின்றி எல்லாவற்றிலும் இது அமைய வேண்டுமென்பதே நமது முதல் ஆசை. இரண்டாவது ஆசை, காதின் கூர்மையை எவ்வளவு கொட்டை எழுத்தில் விளம்பரப்படுத்துகிறார்களோ, வாயின் சுத்தத்தையும் அவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது. பொத்தான்களைக் குறைத்துத் திரைக்குள் திரையாக ஒளித்து வைக்காமலிருந்தால் இன்னும் உத்தமம். அறுபது வயதுக் கண்களுக்கு அதுவே பெரிய உபகாரம்.

இவ்வளவும் கேட்ட நண்பர், "ஸார், அதுவரையில் நான் என்ன செய்வது?" என்றார்.

"எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். ஆனால் மைக்கின் விசையைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். பக்கத்து ஊர் நண்பர் ஒருவரை உங்கள் குரலுக்கு இருபுறமும் கேட்கச் சொல்லி, சிதறல் தெரிகிறதா என்று விசாரியுங்கள். அதற்குக் காலணா செலவில்லை" என்றோம்.

நண்பர் விலைப்பட்டியல்களைச் சுருட்டிக்கொண்டே சிரித்தார். "பெட்டி எது நல்லது என்று கேட்க வந்தால், நீங்கள் நடத்தைக்கு மார்க்குப் போடுகிறீர்களே!" என்றார். இருபது வருஷ வாத்தியார் வேலையை நாம் எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது?