பிறந்த தேதியை எழுத்தாகச் சேமிக்கலாமா?

நமது அடையாளக் கார்டு எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதியைக் குறிக்கின்றன: ஆண்டு, மாதம், நாள் என இரண்டிரண்டு இலக்கங்கள். 650315 என்று தொடங்கினால், அவர் 1965 மார்ச் 15இல் பிறந்தவர் என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவோம். அதே ஆறு இலக்கங்களைத் தேதியாக மாற்றும்படி மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்திடம் கேட்டுப் பாருங்கள், 2065 என்கும். இரண்டு இலக்க ஆண்டு வந்தால் 70 முதல் 99 வரை 1900களிலும், 00 முதல் 69 வரை 2000களிலும் வைப்பது அதன் விதி. அந்தக் கணக்குப்படி நம் தாத்தா பாட்டிகள் பலர் இன்னும் பிறக்கவே இல்லை!

கணினியைக் குறை சொல்ல முடியாது. நூற்றாண்டு எதுவென்று நாம் சொல்லாததால் அது ஊகிக்கிறது. ஆனால் விளைவு வேடிக்கையானதல்ல. உதவிப் பொருள் கொடுக்க 60 வயதைக் கடந்தோரைத் தேடினால், யாருக்கு உதவி போக வேண்டுமோ அவர்களே பட்டியலில் விடுபடுவார்கள். பிழைச் செய்தி எதுவும் திரையில் வராது.

இதை எழுதக் காரணம் உண்டு. பள்ளிக் கழகங்களுக்கும் ஆலய இளைஞர் மன்றங்களுக்கும் உறுப்பினர் பதிவு முறையைச் செய்து கொடுக்கும் மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பாராட்ட வேண்டிய தொண்டு. ஆனால், கணினித் துறையில் பயிலும் நான் பார்த்த சிலவற்றில் தேதிக்கான இடம் வெறும் எழுத்து வகையாகவே இருந்தது. நாம் நாள்/மாதம்/ஆண்டு என எழுதுகிறோம், தரவுத்தளமோ ஆண்டு-மாதம்-நாள் என எதிர்பார்க்கிறது; எழுத்தாக வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எழுத்து வகை 31/02/2025ஐயும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். வரிசைப்படுத்தினால் 15/01/2024க்கு முன்னால் 03/12/2024 வந்து நிற்கும்.

'டேட்' வகையில் சேமிப்பதே முறை. வடிவம் என்பது காட்டும்போது மட்டும் போடும் சட்டை. உள்ளே வரும்போது 'ஸ்ட்ரிங் டு டேட்', வெளியே போகும்போது 'டேட் ஃபார்மேட்' என்ற கட்டளைகள் மாற்றிக் கொடுக்கும். மொழி அமைப்பை மாற்றினால் மாதப் பெயர்களை மைஎஸ்க்யூஎல் மலாயிலும் தமிழிலும்கூடக் காட்டும்! ஆனால் உள்ளே வாங்கும்போது அந்த அமைப்பு செல்லாது. படிவத்தில் ஒருவர் '15 ஓகோஸ் 2024' என்று தட்டினால் அதற்குப் புரியாது. எனவே தட்டச் சொல்வதைவிட, நாட்காட்டியில் தேர்ந்தெடுக்க வைப்பது மேல். பிறந்த தேதியை ஐசி எண்ணிலிருந்து உருவாமல், நான்கு இலக்க ஆண்டோடு தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஜொகூர்க்காரர்களான நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே 2014 ஜனவரி 1 முதல் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனியும் ஞாயிறும். 'டேட்' வகையில் தேதி இருந்தால் கிழமையைத் தரவுத்தளமே சொல்லிவிடும். அது விடுமுறையா என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்தக் கிழமைகள் விடுமுறை என்பதைத் தனி அட்டவணையில் வையுங்கள். 'ஞாயிறு விடுமுறை' என்று நிரலிலேயே எழுதிவிட்டால், 2014 முதல் 2024 வரை நாம் பள்ளிக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் விடுமுறையாகிவிடும்.