ரத்த மாதிரி போதாது: ஆர்என்ஏ ஆய்வுக்குத் தேவை திசு வங்கிகள்

புது தில்லி: இந்தியர்கள் 10,000 பேரின் மரபணுத் தொகுதியை வரிசைப்படுத்திய 'ஜீனோம் இந்தியா' திட்டத்தின் தரவுகள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அதற்குச் சிறிதளவு ரத்தமே போதுமானதாக இருந்தது. உடலின் எந்த உறுப்பிலிருந்து எடுத்தாலும் டிஎன்ஏ ஏறத்தாழ ஒன்றுதான். ஆர்என்ஏ அப்படிப்பட்டதன்று.

டிஎன்ஏவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்என்ஏ மீது செல்கள் நுண்ணிய ரசாயன மாற்றங்களைச் செய்கின்றன. 'க' மீது புள்ளி வைத்தால் ஒலி மாறுவதைப் போல, இவற்றால் ஆர்என்ஏவின் செயல்பாடு மாறுகிறது. உயிரினங்களில் இத்தகைய 170-க்கும் மேற்பட்ட மாற்றங்கள் அறியப்பட்டுள்ளன. இவற்றில் ஒன்றைப் பயன்படுத்தியதே கரோனா எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளுக்கு வழிவகுத்தது. கேத்தலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மேன் ஆகியோருக்கு 2023-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

புள்ளி விடுபட்டால் நோய் வரும். பக்கவாதம் போன்ற தாக்குதல்களை ஏற்படுத்தும் 'மெலாஸ்' என்ற பரம்பரை நோயில், மைட்டோகாண்ட்ரியாவின் ஆர்என்ஏ ஒன்றில் டாரின் சார்ந்த மாற்றம் நிகழ்வதில்லை. அதனால் புரத உற்பத்தி தடுமாறுகிறது. இந்தப் புரிதலின் பயனாக, டாரினையே மருந்தாக அளிக்க ஜப்பான் 2019-இல் அனுமதித்தது.

இம்மாற்றங்கள் உறுப்புக்கு உறுப்பு வேறுபடுவதால், நோயுற்ற திசுவை ஆரோக்கியமான திசுவுடன் ஒப்பிட்டால்தான் எதுவும் புலப்படும். சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. வழக்கமான முறையில் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் படிக்கும்போது பெரும்பாலான தடயங்கள் அழிந்துவிடுகின்றன. நுண்துளை வழியாக ஆர்என்ஏவை நேரடியாகப் படிக்கும் கருவிகள் இக்குறையை ஓரளவு தீர்க்கின்றன. திசுவைப் பெறுவதோ கருவியால் தீராதது. புற்றுக்கட்டி அறுவை சிகிச்சையில் கிடைக்கும். அதன் அருகிலுள்ள திசுவை முற்றிலும் இயல்பானதாகக் கொள்ள முடியாது. ஆரோக்கியமான மூளைத் திசு இறப்புக்குப் பின்னரே பெரும்பாலும் கிடைக்கும். ஆர்என்ஏ எளிதில் சிதையக்கூடியது என்பதால் தாமதமின்றி உறைய வைக்க வேண்டும். விலையுயர்ந்த கருவிகளைத் திறந்து வைப்பதில் காட்டப்படும் ஆர்வம், அறுவை அரங்கின் ஓரத்தில் ஓர் உறைநிலைப் பெட்டியை வைப்பதிலும் இருந்தால் நல்லது.

அமெரிக்காவின் 'ஜிடெக்ஸ்' திட்டம், இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் ஒப்புதல் பெற்று, ஏறத்தாழ 1,000 பேரிடமிருந்து 50-க்கும் மேற்பட்ட வகைத் திசுக்களைச் சேகரித்தது. அவர்களில் பெரும்பான்மையினர் வெள்ளையினத்தவர். இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸின் மூளை வங்கி 1990-களிலிருந்து இயங்கி வருகிறது. கல்லீரலுக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இதே ஏற்பாடு விரிவடைய வேண்டுமானால், உடல் உறுப்பு தானத்துக்கு இசைவு கேட்கும் வேளையிலேயே, ஆய்வுக்கான திசுவுக்கும் தனியாக ஒப்புதல் கேட்கும் நடைமுறை மருத்துவமனைகளில் வர வேண்டும்.