பொங்குவது நுரை, போவது வீரியம்

சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்தால் பொங்கும் நுரை எந்தக் கறையையும் பெயர்த்துவிடும் என்கிறார்கள். பெயர்க்காது.

ஒன்று: சோடா காரம், வினிகர் அமிலம். கலந்ததும் ஒன்றையொன்று முறித்துவிடும். மிஞ்சுவது தண்ணீரும் கொஞ்சம் சோடியம் அசிடேட்டும். பொங்கியது வெறும் கரியமில வாயு. அது எதைத் தேய்த்தது?

இரண்டு: போர் தண்ணீர்க் குழாயில் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் சுண்ணாம்பு. அதைக் கரைப்பது அமிலம். வினிகரில் நனைத்த துணியைக் குழாய்முனையில் அரை மணி நேரம் சுற்றிவைத்துப் பாருங்கள். பிறகு நார் பட்டாலே செதில்செதிலாக உதிரும். அந்த அமிலத்தைச் சோடா போட்டுக் கொன்றுவிட்டு எதை எதிர்பார்க்கிறீர்கள்?

அடுப்புமேடைப் பிசுக்குக்குச் சோடா நல்லதுதான். தனியாக.

என்னைப் பதறவைப்பது இந்தக் கலக்கும் பழக்கம். இதே துணிச்சலில் கழிவறையில் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்தால் கிளம்புவது குளோரின் வாயு. மூடிய அறையில் அது நுரையீரலையே அரிக்கும்.